மெலம்சியும் இரணைமடுவும்: ஒரே வங்கியின் இரண்டு குடிநீர்க் கடன்கள்

என் சித்தப்பா கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் வயல் செய்கிறார். இரணைமடுக் குளத்தை நம்பிய வயல். 2013இல், அந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் பேச்சு கிளிநொச்சியில் சூடுபிடித்திருந்த நேரம், யாழ்ப்பாணத்துக்காரனாக அவரிடம் வாதாடப் போனேன். எங்கள் கிணறுகளின் நிலைமையைச் சொன்னேன். தீவுப்பகுதியில் கானும் வாளியுமாகத் தண்ணீர்ப் பவுசருக்குக் காத்துநிற்கிற சனத்தைப் பற்றிச் சொன்னேன். குளக்கட்டை இரண்டு அடி உயர்த்தி, அதில் கூடுதலாகச் சேருகிற தண்ணீரைத்தானே கேட்கிறார்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, கட்டை ரெண்டடி உயர்த்தலாம். மழையை ஆர் உயர்த்துறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஆசிய அபிவிருத்தி வங்கியிடமும் அப்போது தெளிவான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. அதன் பிறகுதான் அந்த வங்கி வேறு எங்கெல்லாம் குடிநீருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் நேபாளத்தில் போய் நின்றது. காத்மண்டு நகரத்துக்கான மெலம்சித் திட்டத்தின் கதையை வாசிக்க வாசிக்க, எங்கள் கதையின் மூத்த அண்ணனைச் சந்தித்ததுபோல இருந்தது. இரண்டும் உள்நாட்டுப் போரைக் கண்ட நாடுகள். இரண்டிலும் தண்ணீர் ஓரிடத்தில் இருக்கிறது, தாகம் வேறோரிடத்தில். வங்கி ஒன்றுதான். கடன் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து தண்ணீர் வரும்வரை ஒன்றில் இருபது வருடமும் மற்றதில் பதினான்கு வருடமும் போயின. ஏன் இப்படி ஆனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

வங்கி எப்படிக் கடன் கொடுக்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிய அபிவிருத்தி வங்கி 1966 டிசெம்பரில் மணிலாவில் தொடங்கியது. இலங்கையும் நேபாளமும் அதன் தொடக்க உறுப்பினர்கள். ஜப்பானும் அமெரிக்காவும் சம அளவில், ஏறத்தாழ 15.6 வீதப் பங்கை ஆளுக்கு வைத்திருக்கின்றன. உலகச் சந்தையில் முதல்தர மதிப்பீட்டோடு மலிவாகப் பணம் திரட்டி, அதை உறுப்பு நாடுகளுக்குக் கடனாகக் கொடுப்பது வங்கியின் சாதாரண வழி. வறிய நாடுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. அது சலுகைக் கடன். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் நிபந்தனைகள் இப்படி இருந்தன: மொத்தம் 32 வருடம். முதல் 8 வருடம் சலுகைக் காலம், வட்டி 1 வீதம் மட்டும் கட்டினால் போதும். பிறகு 1.5 வீத வட்டியோடு முதலையும் தவணையாகத் திருப்ப வேண்டும்.

நேபாளத்துக்குச் சலுகைக் கடன்தான் கிடைத்தது. இலங்கை நடுத்தர வருமானத்தை எட்டிக்கொண்டிருந்த நாடு என்பதால் இரண்டு வகையும் கலந்து கிடைத்தது. இந்த 8 வருடச் சலுகைக் காலத்தை மறந்துவிட வேண்டாம், பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

மெலம்சி: மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

காத்மண்டுவின் பழைய சந்துகளில் கல்லில் செதுக்கிய நீர்த்தாரைகள் உண்டு. தரை மட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போக வேண்டும். மகர முகத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் குடங்களும் பிளாஸ்டிக் கான்களும் வரிசையில் நிற்கும். அதை அங்கே துங்கே தாரா என்கிறார்கள். பல நூறு வருடம் ஊருக்கு நீரூட்டிய தாரைகளில் பல இன்று வறண்டுவிட்டன. பள்ளத்தாக்கின் குடிநீர்த் தேவை ஒரு நாளைக்கு 400 மில்லியன் லீட்டரை ஒட்டி வளர்ந்துவிட்டது. குழாயில் வருவது போக, மிச்சத்தைத் தண்ணீர் லொறிகளும் குழாய்க் கிணறுகளும்தான் நிரப்புகின்றன.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் மெலம்சி. சிந்துபால்சோக் மாவட்டத்தில் இமயத்திலிருந்து இறங்கும் மெலம்சி ஆற்றை ஹெலம்புப் பகுதியில் மறித்து, 26 கிலோமீட்டருக்கும் கூடுதலான சுரங்கத்தின் வழியாகக் காத்மண்டுவின் வடகிழக்கு ஓரத்திலிருக்கும் சுந்தரிஜாலுக்குக் கொண்டுவருவது திட்டம். நாளொன்றுக்கு 170 மில்லியன் லீட்டர். பிறகு யாங்ரி, லார்க்கே ஆறுகளையும் இணைத்தால் 510 மில்லியன். சுரங்கத்தில் பம்பு கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்கி வரும். பிரதமராக இருந்த கிருஷ்ண பிரசாத் பட்டராய், காத்மண்டு வீதிகளை மெலம்சித் தண்ணீரால் கழுவிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தவர். நேபாள மக்கள் அதை இன்றும் சொல்லிக்காட்டுவார்கள்.

2000 டிசெம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி 120 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்த மதிப்பீடு 464 மில்லியன். உலக வங்கி, நோர்வே, சுவீடன், ஜப்பான் எல்லாம் கூடவே நின்றன. ஆறேழு வருடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது கணக்கு.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 2002இல் உலக வங்கி விலகியது. 2005 பெப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்த பிறகு நோர்வேயும் சுவீடனும் பின்வாங்கின. அதே ஆண்டு மன்னர் அமைத்த ஊழல் ஒழிப்பு ஆணையம், மெலம்சிக்குப் போகும் பாதை ஒப்பந்தத்தில் முறைகேடு என்று முன்னாள் பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாவைச் சிறைக்கு அனுப்பியது. அந்த ஆணையமே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவர் வெளியே வந்தார். ஒரு தண்ணீர்க் குழாய் நாட்டின் அரசியலுக்குள் இவ்வளவு ஆழமாகச் சிக்கிக்கொண்டதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

வங்கி தன் பங்குக்கு ஒரு முடிச்சைப் போட்டது. காத்மண்டுவின் குடிநீர் விநியோக நிர்வாகத்தைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கடனோடு வந்த நிபந்தனை. 2007இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தைக் கொண்டுவரும் நேரத்தில், புதிதாக அமைச்சரான மாவோயிஸ்ட் தலைவர் ஹிசிலா யாமி எதிர்த்தார். நிறுவனம் விலகிவிட்டது. கடன் ஒப்புதலாகி ஏழாவது வருடம் அது. சுரங்க வேலையோ தொடங்கவே இல்லை. யார் நிர்வகிப்பது என்ற சண்டையில், நிர்வகிக்க வேண்டிய தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கமே நின்றது. இந்த இடத்தில் வங்கியின் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. ஒரு நாட்டின் நீர் நிர்வாகம் திருந்த வேண்டும் என்று விரும்புவது சரி. போரின் நடுவில் தத்தளிக்கிற அரசாங்கத்திடம் அதைச் சுரங்கத்துக்கு முன்நிபந்தனையாக வைத்தது சரியில்லை.

2009இல்தான் சீன நிறுவனமொன்றோடு சுரங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலை நகராததால் 2012இல் அதை ரத்துச் செய்தார்கள். 2013இல் இத்தாலியின் சி.எம்.சி. நிறுவனம் வந்தது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தின் மோசமான அடி விழுந்த மாவட்டங்களில் சிந்துபால்சோக்கும் ஒன்று. அதையும் தாண்டி 2018 ஏப்ரலில் சுரங்கத்தின் இரு முனைகளும் சந்தித்தன. காத்மண்டு கொண்டாடியது. அந்த டிசெம்பரிலேயே, தன் நாட்டில் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சி.எம்.சி. வேலையை விட்டுப் போய்விட்டது. மிச்ச வேலைக்கு 2019இல் இன்னொரு சீன நிறுவனம் வந்தது. 2020 ஜூலையில் சுரங்கத்தில் நீர் நிரப்பிச் சோதிக்கும்போது கதவொன்று உடைந்து உயிர்கள் போயின.

ஒருவழியாக 2021 மார்ச்சில் சுந்தரிஜாலில் தண்ணீர் வந்து விழுந்தது. இருபது வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தன.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 15 அன்று, மெலம்சி ஆறு சேறும் பாறையுமாகப் பொங்கி வந்தது. மேலே உயரத்தில், பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற படிவுகள் சரிந்து இறங்கின. மெலம்சிக் கடைவீதி புதைந்தது. சுரங்கத்தின் தலைப்பில் கட்டிய தடுப்பணையும் மண்ணுக்குள் போனது. இப்போது மழைக்காலம் வந்தால் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள், வறட்சிக் காலத்தில் தற்காலிக வழியில் ஆற்றைத் திருப்பி விடுகிறார்கள்.

ஆற்றங்கரை மக்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தங்கள் ஆறு நகரத்துக்குப் போகிறது, தங்கள் ஆலைக்கற்களும் வாய்க்கால்களும் வறண்டால் என்ன கிடைக்கும் என்று மெலம்சிப் பள்ளத்தாக்கினர் தொடக்கத்திலிருந்தே கேட்டார்கள். 2004இல் வங்கியின் முறைப்பாட்டு அமைப்புக்கே போனார்கள். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், பாதை என்று ஒரு சமூக மேம்பாட்டு நிதி திட்டத்துக்குள் வந்தது. ஆனாலும் கோரிக்கைகளுக்காக வேலையை நிறுத்தி வைத்த நாட்கள் பல.

இரணைமடு: வராத தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மழைக்காலத்து வழுக்கை ஆறு ஒன்றுதான் இருக்கிறது. மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நன்னீர். கீழே கடல் நீர், மேலே மெல்லிய படலமாக நன்னீர். அதிகமாக இறைத்தால் சவர் மேலே ஏறும். சவர்த் தண்ணியில் போட்ட தேத்தண்ணி எப்படி இருக்கும் என்று தீவுப்பகுதிக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். பால் திரிந்ததுபோல ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். வெங்காயத் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைக் கிணறுகளுக்குள் இறக்கின. இதற்கு மேல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது தனிக்கதை.

ஆகவே தேவை உண்மையானது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்துக்கு ஆறொன்றை உருவாக்கலாம் என்று பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களிலேயே திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, வாய்க்கால் வெட்டி வடமராட்சிப் பக்கம் திருப்புவது அவருடைய எண்ணம். தொடங்கிய வேலை பாதியில் நின்றது.

போர் முடிந்தது 2009 மே மாதம். 2010 நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டத்துக்கு 90 மில்லியன் டொலர் ஒதுக்கியது. பிரான்சின் அபிவிருத்தி முகவரகமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் எங்கிருந்து? இரணைமடுவிலிருந்து. குளக்கட்டு வேலைக்கு விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடன் தனியாக வந்தது.

இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட குளம். அதன் கீழே 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் வயல். மாரிக்கால நெற்செய்கையான காலபோகத்துக்கு மழையே போதும். கோடைச் செய்கையான சிறுபோகத்துக்குக் குளம்தான். ஆனால் எல்லா வயலுக்கும் எல்லா வருடமும் சிறுபோகம் கிடைக்காது. மாரி முடிந்ததும் கூட்டம் வைப்பார்கள். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், இந்த முறை யாருக்கு, அடுத்த முறை யாருக்கு என்று பேசி முடிவெடுப்பார்கள். நான் ஒருமுறை அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தேன். அரை அடித் தண்ணீருக்காகக் குரல் உயரும். சித்தப்பா அந்த வருடம் தனக்குப் பங்கு இல்லை என்று கேட்டு, ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அரை அடியைக்கூட இப்படி எண்ணிப் பங்கிடுகிற இடத்தில்தான் திட்ட அறிக்கை "கூடுதல் நீர்" என்ற சொல்லை எழுதியது.

விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையும் எதிர்ப்புக்குத் துணைநின்றது. 2014இல் வறட்சி வந்து குளத்தின் அடியைக் காட்டியது. அதோடு இரணைமடுத் தண்ணீர் யாழ்ப்பாணத்துக்கு இல்லை என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரருக்கும் கிளிநொச்சிப் பக்கத்து வன்னிக்காரருக்கும் இடையில் கசப்பான வார்த்தைகள் நிறையப் பரிமாறப்பட்டன. போரில் சேர்ந்து இடம்பெயர்ந்து, சேர்ந்து முகாமில் இருந்த சனம் தண்ணீருக்காகப் பிரிந்து நின்றதைப் பார்க்க மனம் வலித்தது. அந்தக் கசப்பைத் திட்ட அறிக்கையின் எந்தப் பத்தியிலும் செலவாகக் கணக்கிடவில்லை.

அப்புறம் கடல். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டுவது என்று தீர்மானமானது. அங்கே மீனவர்கள் எதிர்த்தார்கள். உப்பு செறிந்த கழிவு நீர் கரையோர மீன்பாட்டைக் கெடுக்கும் என்பது அவர்கள் பயம். 2017இல் வங்கி இதற்காக இன்னும் 120 மில்லியன் டொலர் கொடுத்தது. 2024 ஓகஸ்டில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நிலையத்தைத் திறந்துவைத்தார். நாளுக்கு 24 ஆயிரம் கனமீட்டர், அதாவது 24 மில்லியன் லீட்டர். மூன்று இலட்சம் பேருக்கு என்று வைத்தால் ஆளுக்கு 80 லீட்டர்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இரண்டு இடத்திலும் வங்கி தாகத்தை நன்றாக அளந்தது. எத்தனை வீடு, ஆளுக்கு எத்தனை லீட்டர், எத்தனை கிலோமீட்டர் குழாய் என்ற கணக்கில் அதைக் குறைசொல்ல முடியாது. தண்ணீர் புறப்படுகிற முனையில்தான் கணக்குத் தவறியது. மெலம்சியில் ஆற்றின் குணத்தை, அதற்கு மேலே சரியக் காத்திருந்த மலையை, போதிய அளவு படிக்கவில்லை. இரணைமடுவில் குளத்தின் மேல் மக்களுக்கு ஏற்கெனவே இருந்த பங்கை உரிமையாகப் பார்க்காமல், பேசிச் சரிக்கட்டக்கூடிய விஷயமாகப் பார்த்தார்கள். நேபாளத்தில் தவறியது பெரும்பாலும் நிலவியலும் ஒப்பந்தமும். எங்களிடம் தவறியது நீர்ப்பங்கு. பிந்தியதைச் சித்தப்பா போன்ற பத்துப் பேரை முதலிலேயே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் 2010இலேயே அறிந்திருக்கலாம்.

வேறுபாடும் உண்டு, அதுவும் முக்கியமானது. மெலம்சியில் மாற்று வழியே தேடவில்லை. ஒரே சுரங்கத்தை இருபது வருடம் பிடித்துக்கொண்டார்கள். பலர் விலகியபோதும் ஆசிய அபிவிருத்தி வங்கி விலகாமல் நின்றதால்தான் சுரங்கம் முடிந்தது. அந்த நன்றியை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில், மக்கள் முடியாது என்றதும் நீர்மூலத்தையே மாற்ற வங்கி இணங்கியது. தெரிவான மாகாண சபை ஒன்று அந்த நேரத்தில் இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மெலம்சிப் பள்ளத்தாக்குக்கு அப்படியொரு குரல் அப்போது இல்லை. நேபாளத்தில் 2017க்கு முன் இருபது வருடம் உள்ளூராட்சித் தேர்தலே நடக்கவில்லை.

ஆனால் மாற்றத்துக்கு விலை இருக்கிறது. மெலம்சித் தண்ணீர் சுரங்கத்தில் தானாக இறங்குகிறது. கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி நன்னீராக்க ஒரு கனமீட்டருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். தாளையடி முழுத்திறனில் ஓடினால் நாளுக்கு 72 ஆயிரம் முதல் 96 ஆயிரம் அலகு. இந்தப் பட்டியல் மாதாமாதம் வரும், கடன் அடைந்த பிறகும் வரும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை இதைக் குடிநீர்க் கட்டணத்தில் முழுதாகச் சேர்த்தால் யாழ்ப்பாணத்து வீடுகள் தாங்காது. சேர்க்காவிட்டால் சபை தாங்காது.

இனி அந்த 8 வருடச் சலுகைக் காலத்துக்கு வருவோம். திட்டம் முடிந்து பயன் தரத் தொடங்கும்வரை நாட்டுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதற்குத்தான் அது. மெலம்சியின் கடன் 2000 முடிவில் ஒப்புதலானது. எட்டு வருடம் முடிகிற நேரத்தில் சுரங்க ஒப்பந்தமே அப்போதுதான் கையெழுத்தாகிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலே பன்னிரண்டு வருடம்போல நேபாளம் முதலைத் திருப்பிக் கட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத் திட்டம் 2010இல் ஒப்புதலாகி, எட்டு வருடம் கழித்துப் பார்த்தால் தாளையடி நிலையம் எழும்பவே இல்லை. தாமதம் யாருடைய தவறாக இருந்தாலும் கடிகாரம் கடன் வாங்கியவரின் பக்கம்தான் ஓடுகிறது. வங்கிக்குத் தாமதத்தால் வருமான இழப்பு இல்லை. இதை மாற்றாமல் நீர்மூலத்தை நன்றாகப் படியுங்கள் என்று வங்கியிடம் எத்தனை முறை கேட்டாலும் அவசரம் அவர்களுக்கு வராது.

நாணயமும் சேர்ந்து அடித்தது. கடனை வெளிநாட்டு நாணயத்தில்தான் திருப்பிக் கட்ட வேண்டும். மெலம்சிக் கடன் ஒப்புதலானபோது டொலருக்குச் சுமார் 74 நேபாள ரூபாய், தண்ணீர் வந்தபோது 117ஐ ஒட்டி. நேபாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாயோடு 1.6க்கு ஒன்று என்று கட்டப்பட்டிருப்பதால் இறக்கம் மெதுவாகத்தான் நடந்தது. எங்களுக்கு 2010இல் டொலருக்கு 111 ரூபாய் அளவில் இருந்தது, 2024இல் 300. வட்டி குறைவு என்று வாங்கிய கடனை ரூபாயில் உழைத்துக் கட்டுகிற நாட்டுக்கு, இந்த 2.7 மடங்குதான் உண்மையான வட்டி.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியபோதும் ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் உலக வங்கிக்கும் கட்டுவதை நிறுத்தவில்லை. மருந்துக்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற மாதங்களிலும் அந்தத் தவணைகள் போயின. அப்படிக் கட்டியதால் அவர்களிடமிருந்து பணமும் தொடர்ந்து வந்தது. பிரான்ஸ், ஜப்பான், இந்தியா போன்ற அரசுகளின் கடன்கள் மறுசீரமைப்புக்குள் போயின, வங்கியின் கடன் போகவில்லை. 2023இல் வங்கி இலங்கையை மறுபடி சலுகைக் கடனுக்குத் தகுதியுள்ள நாடாக ஏற்றுக்கொண்டது. ஒருமுறை மேலே ஏறிய நாடு திரும்பக் கீழ்வரிசையில் வந்து நின்றது. நேபாளத்துக்கு அந்த நிலை வரவில்லை. வெளியூரில் உழைக்கிற பிள்ளைகள் அனுப்புகிற பணம் அதன் அந்நியச் செலாவணியைத் தாங்கிப் பிடித்தது. சந்தையில் பிணைமுறி விற்றுக் கடன் வாங்கும் வழக்கமும் அதற்கு இருக்கவில்லை.

போன தடவை வட்டக்கச்சிக்குப் போனபோது ஒரு போத்தலில் தாளையடித் தண்ணீர் கொண்டுபோனேன். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சவர் இல்லை, நல்லாத்தான் கிடக்கு" என்றார். கடலுக்குள் விடுகிற உப்புக் கழிவு எவ்வளவு தூரம் போகிறது, மீன்பிடிக்கிற ஆட்கள் என்ன சொல்லுகினம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "அதையும் கேட்டு எழுது" என்று சொல்லிவிட்டு, சிறுபோகக் கூட்டத்துக்கு நேரமாகிறது என்று எழும்பினார்.